ஆறாவது கூடாரத்தின் தலையாட்டி

அல்பேட் அருமைராசாவின் தாடையை உடைத்தது 2001ஆம் ஆண்டு கோடையில், மொன்றியலின் இல்-பிசார் பூங்காவில், தமிழ் மாதா கோவில்காரர் வைத்த ஒன்றுகூடலில். ஒரு பக்கம் கோழி வெந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். அருமைராசா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் நனைக்கப் போனார். அவர் அந்தக் கோவிலுக்கு வரத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான். மன்னார்ப் பக்கத்து ஆள் என்பதற்கு மேல் எவருக்கும் ஒன்றும் தெரியாது.

மணலில் பதிந்த அந்த இடது காலை அல்பேட் பார்த்தான். பெருவிரலின்மேல் அடுத்த விரல் ஏறிக் கிடந்தது.

அந்தக் கால் அவனுக்கு மறந்திருக்க வழியில்லை. தொண்ணூறாம் ஆண்டு இலங்கை ஆமி அவனுடைய ஊரைச் சுற்றிவளைத்து, ஆம்பிளைகள் எல்லோரையும் கோவில் வளவுக்குள் வரிசையாக நிறுத்தியது. கதிரையில் ஒருவனை இருத்தியிருந்தார்கள். தலையிலிருந்து முழங்கால்வரை சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சாக்கு தலையை ஆட்டினால் ட்ரக்கில் ஏற வேண்டும். தலையாட்டி என்று சனம் அதற்குப் பேர் வைத்திருந்தது. அல்பேட்டுக்கு அப்போது பதினேழு வயது. அவனுக்கு முன்னால் நடந்தவன் தமையன் பெனடிக்ற். சாக்கு ஆடியது. துவக்குப் பிடியால் முதுகில் ஓர் அடி, பிடரியில் ஓர் அடி. பெனடிக்ற் ட்ரக்கில் ஏறினான். பிறகு அவனை எவரும் காணவில்லை. அடுத்ததாக நடந்த அல்பேட், சாக்கின் முகத்தைப் பார்க்கப் பயந்து காலைப் பார்த்தான். அந்த விரலைப் பார்த்தான்.

இப்போது அதே விரல் இல்-பிசார் மணலில். அல்பேட் அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தான். அருமைராசா ஏதோ பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பினார். முதல் அடி தாடையில் விழுந்தது. இரண்டாவது அடிக்குப் பல் தெறித்தது. விழுந்தவரின் அந்தக் காலை அல்பேட் சப்பாத்தால் மிதித்தான். எலும்பு நொறுங்குமட்டும் மிதித்தான். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் அவனைப் பிடிக்க முடியவில்லை. மனைவி கத்தரின் குறுக்கே விழுந்த பிறகுதான் நின்றான்.

"இண்டைக்குத் தப்பிட்டாய். அடுத்தமுறை கண்டனெண்டால் கொல்லாமல் விடமாட்டன்," என்றான். அத்தனை சனத்துக்கும் கேட்டது.

அருமைராசா பொலிசுக்குப் போகவில்லை. தாடையைக் கம்பியால் கட்டிக்கொண்டு, கார்ட்டியர்வில் வீட்டைக் காலிசெய்து, ஆற்றுக்கு அந்தப்பக்கம் லொங்குய்க்குப் போய்விட்டார்.

"ஒரு கால்விரலை வைச்சு ஒரு மனுசனை முடிவு கட்டலாமோ?" என்று கோவிலில் சிலர் கேட்டார்கள்.

"செய்யாதவனெண்டால் பொலிசுக்குப் போயிருப்பான்," என்பான் அல்பேட். 

அதன்பிறகு அல்பேட்டின் வாழ்க்கை பார்வைக்கு எல்லோருடையதையும் போலத்தான். ஷபனெல் வீதியில் அரா என்கிற ஆர்மேனியரின் தையல் கடையில் வேலை. சனிக்கிழமை மகளை நீச்சலுக்குக் கூட்டிப்போவான். ஞாயிறு பூசை. ஆனால் சோறு தின்னும்போதும் அருமைராசா. பனி வழிக்கும்போதும் அருமைராசா. லொங்குய்யில் எந்த வீதி, என்ன நிறக் கார், எந்த நேரம் வேலை முடிந்து வருவார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மஞ்சள் தடத்து மெட்ரோவில் போய் அந்த வீதி முனையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். இரண்டு தடவை சட்டைப்பைக்குள் கடையில் கன்வஸ் துணி வெட்டுகிற கத்தி இருந்தது. ஏன் திரும்பி வந்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை. தான் கோழையோ என்று யோசித்தான். கோழை என்றால் அன்றைக்கு விறகுக் கட்டையை எடுத்தது யார் என்றும் யோசித்தான்.

"எங்கட வீட்டில நாலு பேர் இருக்கிறம்," என்று கத்தரின் ஒருநாள் சொன்னாள். "நீங்கள், நான், பிள்ளை, பிறகு அருமைராசா."

இதற்கிடையில் சீனத்து உடுப்புகள் வந்து ஷபனெலை விழுங்கத் தொடங்கின. பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. அரா குளிர் ஜக்கெட் தைப்பதைக் கைவிட்டுக் கூடாரத்துக்கு மாறினார். ஆபிரிக்காவில் மிருகம் பார்க்கப் போகிற பணக்காரர் தங்குகிற கூடாரம். கட்டில், மேசை, கண்ணாடி எல்லாம் உள்ளே வைக்கலாம். சாம்பியாவில் ஓர் ஆற்றங்கரையில், காட்டுக்கு நடுவே, ஆறே ஆறு கூடாரம் உள்ள ஒரு சின்ன இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து செய்தி வந்தது: மழை ஒழுகுகிறது, தையல் பிரிகிறது, பெருமழை தொடங்கமுன் ஆளை அனுப்பு.

"நீ போ," என்றார் அரா. "உன்னைக் கண்டால் சிங்கம் ஓடும்."

கத்தரின் பெட்டி அடுக்கினாள். "ஆமிக் காம்புக்குப் பயந்து கடல் தாண்டி வந்த மனுசன், இப்ப காம்புக்கெண்டே பிளேன் ஏறுறார்."

"இது மிருகம் பாக்கிற காம்ப்."

"போட்டு வாங்கோ. ரெண்டு கிழமையெண்டாலும் இந்த வீடு அவன்ர பேர் கேக்காமல் இருக்கட்டும்."

சின்ன விமானம் புல்வெளியில் இறங்கியபோது, அதற்காக மான்களைத் துரத்திவிட வேண்டியிருந்தது. காம்பை நடத்தியவன் டெர்க். தென்னாபிரிக்க வெள்ளைக்காரன், கழுத்தும் தலையும் ஒரே பருமன். இடுப்பில் நீர்யானைத் தோலில் முறுக்கிய சவுக்குத் தொங்கியது. நாயைத் தடவுவதுபோல அதைத் தடவிக்கொண்டே கதைப்பான்.

"காவலாள் இல்லாமல் கூடாரத்தைவிட்டு வெளியே போகாதே," என்பதுதான் அவன் சொன்ன முதல் விசயம். "இங்கே எல்லாம் எதையாவது தின்னும்."

அது சும்மா பேச்சில்லை. விடியற்காலையில் ஆற்றுக்குள்ளிருந்து நீர்யானைகள் உறுமும்போது கட்டில் அதிர்ந்தது. யானைகள் கூடாரக் கயிறுகளுக்கு நடுவே, ஒரு கயிற்றையும் தொடாமல், களவெடுக்க வந்தவர்கள்போல நடந்து போயின. மூன்றாம் நாள் காலை, கிணற்றடிக்குப் பக்கத்தில் சிங்கங்கள் ஓர் எருமையைச் சாய்த்தன. அது முழுதாகச் சாகுமுன்னமே வயிற்றைத் திறந்துவிட்டன. எருமை தன் குடலைத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டு கத்தியது. அல்பேட் கையில் ஊசியோடு நின்று அதைக் கடைசிவரை பார்த்தான். அந்த இடத்தில் அருமைராசாவை வைத்துப் பார்த்தான். அப்படி நினைத்தபோது அவனுக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தைப் பற்றிப் பிறகு நெடுநேரம் யோசித்தான்.

கூடாரத் துணியை இழுத்துப் பிடிக்க அவனுக்குத் தந்த உள்ளூர் ஆள் பண்டா. நாற்பது வயதிருக்கும், நிறையக் கதைக்கிறவன். சோளமாக் களியைக் கையால் உருட்டிச் சாப்பிடுகிற பண்டா, அல்பேட்டும் கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் உருட்டியதைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"கனடாக்காரனுக்குக் கை இருக்கிறது!" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான்.

பண்டாவோடு சேர்த்து, சட்டிபானை கழுவுவது, விரிப்புத் துவைப்பது என்று பத்துப் பேர் இருந்தார்கள். துவைக்கிற கிழவர் தெம்போ பேசவே மாட்டார். வெயிலில் காய்ந்த விரிப்பை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். காவலுக்குத் துவக்கோடு மோசஸ். அவனுக்கு இளம் பெண்சாதி. அவளும் சமையலறையில்தான் வேலை.

கடைசிக் கூடாரம் ஆறாவது. அதன் நாலு பக்கமும் ஜன்னலுக்கு நுளம்பு வலை. அல்பேட் தானே ஷபனெலில் தைத்த வலை. உள்ளே இருந்தால் வெளியில் நிற்கிற மிருகத்தின் கண் இமைகூடத் தெரியும். வெளியில் இருந்து பார்த்தால் வெறும் இருட்டு. அதைச் சொல்லித்தான் அரா விற்றார். ஒரு விடியற்காலை, ஒழுகுகிற இடத்தைத் தேடி அதற்குள் நின்றபோது, பண்டா வெளியே வருவது தெரிந்தது. முகம் தெரியாத இரண்டு பேர் மரத்தடியில் நின்றார்கள். அவர்களிடம் துவக்கு இருந்தது. பண்டா ஒரு சோளமாப் பையைக் கொடுத்தான். கையை நீட்டி ஆற்றின் மேல்பக்கத்தைக் காட்டினான். அல்பேட் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று பின்னேரம் ஆற்றின் மேல்பக்கத்தில் வெடி கேட்டது. மோசஸ் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை டெர்க்கின் வண்டி அவனைக் கொண்டுவந்தது. கிட்ட வைத்துச் சுட்டிருந்தார்கள். முகத்தில் பாதி இல்லை. அவனுக்குப் பக்கத்தில் கிடந்த பெண் யானைக்கும் முகம் இல்லையாம். தந்தத்துக்காகக் கோடரியால் கண்வரை கொத்தி எடுத்திருந்தார்களாம். மோசஸின் பெண்சாதி வண்டியின் பின்தட்டில் ஏறி, அந்தப் பாதி முகத்தைக் கையால் மூடி மூடிப் பார்த்தாள். அவளுடைய ஓலம் அல்பேட்டின் தாயினுடையது போலவே இருந்தது. அந்த ஓலத்தில்தான் அவன் வாய் திறந்தது.

"நான் கண்டேன். நேற்று இரண்டு பேர் துவக்கோடு வந்தார்கள். இங்கே வேலை செய்கிற ஒருவன் அவர்களோடு கதைத்தான்."

டெர்க் திரும்பினான். "எவன்?"

பண்டா நாலடி தள்ளி நின்றான். அவனுடைய கண் அசையவில்லை. களி உருட்டிய கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

"முகம் சரியாகத் தெரியவில்லை," என்றான் அல்பேட்.

"மறுபடி கண்டால் தெரியும்," என்றான் டெர்க். "பொலிஸ் வர ஒரு நாள் எடுக்கும். அவன் அதுவரை இங்கே இருக்கமாட்டான். உனக்குப் பயம் என்றால் வெளியே நிற்கத் தேவையில்லை. ஆறாவது கூடாரத்துக்குள் இரு. இவர்களை ஒவ்வொருவராக ஜன்னலுக்கு முன்னால் நடத்துகிறேன். அவன் வந்ததும் கம்பத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. நீ யாரைக் காட்டினாய் என்று எவனுக்கும் தெரியாது."

அல்பேட் போய் உள்ளே இருந்தான். டெர்க் வெளியிலிருந்து கூடார வாசலின் சிப்பை இழுத்து மூடினான். கையில் கூடார முளை அடிக்கிற மரச் சுத்தியல். முதல் ஆள் வலைக்கு முன்னால் வந்து நின்று, ஒன்றும் தெரியாத இருட்டைப் பார்த்தான்.  கண் இரண்டும் வலையில் இருக்கிற ஏதாவது ஓர் ஓட்டையைத் தேடின. அப்போதுதான் அல்பேட்டுக்கு விளங்கியது, தான் இருப்பது எங்கே என்று. அவன் தன் கால்களைப் பார்த்தான். சப்பாத்துப் போட்டிருந்தான்.

பத்துப் பேரும் நடந்தார்கள். பண்டாவும் நடந்தான். சுத்தியல் அசையவில்லை.

"மறுபடியும்!" என்று கத்தினான் டெர்க். இந்தத் தடவை ஒவ்வொருவரும் வலையைத் தாண்டும்போது சவுக்கு விழுந்தது. சட்டை கிழிந்து தோல் வாய் பிளந்தது. அல்பேட் சுத்தியலைத் தூக்கவில்லை. பண்டா அடி வாங்கியபோது வலையைப் பார்த்தான். கெஞ்சவில்லை, திட்டவில்லை, காத்திருந்தான். தன்னோடு சாப்பிட்டவன். ஆனால் மோசஸைச் சாகக் கொடுத்தவனும் அவன்தான். சொன்னால் டெர்க் அவனைக் கொல்லுவான். சொல்லாவிட்டால் இந்தப் பத்துப் பேருக்கும் இன்று முழுக்க அடி. பிழை செய்தவன் சாகட்டும் என்று ஏன் தட்ட முடியவில்லை? சரி, தட்டுவதில்லை என்றால் எழுந்து வெளியே போய், மாட்டேன் என்று ஏன் சொல்ல முடியவில்லை? வலைக்கு உள்ளே இருக்கும்வரை அந்தச் சவுக்கு தன்மேல் விழாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே இருந்தான்.

மூன்றாம் சுற்று. சமையல்காரன் ஒருவன் விழுந்தான். டெர்க் அவனுடைய வாயில் உதைத்தான். பல் உடைகிற சத்தம் கேட்டது. மோசஸின் பெண்சாதி வேறு பக்கமிருந்து கல்லெறிந்தாள், யாருக்கு என்று இல்லாமல். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இது முடிய வேண்டும் என்பதைத் தவிர அல்பேட்டின் தலைக்குள் வேறு ஒன்றும் இல்லை. கண்ணை இறுக மூடினான். சுத்தியலால் கம்பத்தில் அடித்தான்.

சத்தமெல்லாம் அடங்கியது. கண்ணைத் திறந்தபோது வலைக்கு முன்னால் தெம்போக் கிழவர் நின்றார்.

"இல்லை! அவர் இல்லை!" அல்பேட் சிப்பை இழுத்தான், அது வெளியே கொளுவியிருந்தது. கத்தியால் தன் தையலைத் தானே கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தபோது, டெர்க் கிழவரை நிலத்தில் போட்டு முழங்காலை மிதித்துக்கொண்டிருந்தான். காய்ந்த தடி முறிவது போலச் சத்தம். "அவர் இல்லை!" என்று அல்பேட் அவனுடைய கையைப் பிடித்தான். டெர்க் சவுக்குப் பிடியால் அவனுடைய மூக்கில் குத்தினான்.

"இவன் இல்லையென்றால் வேறு எவன்?"

அல்பேட்டின் வாயெல்லாம் இரத்தம். பண்டா நாலடி தள்ளி நின்றான். அல்பேட் சொல்லவில்லை.

"உனக்கு மனம் இளகிவிட்டது," என்றான் டெர்க். "அவ்வளவுதான்."

கிழவரை வண்டியின் பின்தட்டில், மோசஸின் இரத்தம் காயாத இடத்தில், கட்டிப் போட்டுப் பொலிசுக்குக் கொண்டுபோனான். அந்தக் குண்டும் குழியுமான பாதையில் போய்ச் சேருமுன் தெம்போ செத்துப்போனார். ஓடப் பார்த்து விழுந்தார் என்று டெர்க் சொன்னான், பொலிஸ் கேட்டுக்கொண்டது. அல்பேட்டை எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் கிழித்த கூடாரத்தை அவனேதான் தைக்க வேண்டியிருந்தது. அடுத்த நாள் பண்டா வழமைபோல வந்து துணியை இழுத்துப் பிடித்தான்.

"நீ என்னைக் கண்டாய்," என்றான் மெதுவாக.

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டுத் தலையை அசைத்தான் அல்பேட்.

"பிறகு ஏன் அந்தக் கிழவன்?"

அல்பேட் ஊசியைக் குத்தினான். பண்டா துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மிச்சத் தையல் முழுவதும் முடிய, விமானம் வந்தது.

மொன்றியலில் அப்போது பனி தொடங்கிவிட்டது. முறிந்த மூக்குக்குக் கயிறு அறுந்து கம்பம் விழுந்தது என்று காரணம் சொன்னான். அரா நம்பினார். கத்தரின் நம்பவில்லை, ஆனாலும் விட்டுப்பிடித்தாள். ஒருநாள் மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, தேத்தண்ணியை அவனுக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரில் இருந்தாள்.

"வந்து ஒரு மாதமாகுது. அவன்ர பேர் உங்கட வாயில வரேல்லை. ஆரையும் கொலைசெய்துபோட்டு வந்திருக்கிறியளோ?"

பகிடியாகத்தான் கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். 

"கண்ணை மூடினால் பாவம் குறையுமெண்டோ மூடினியள்?" என்றாள் பிறகு.

"தெரியேல்லை. பாத்துக்கொண்டு அடிச்சிருந்தால் பண்டா. பாக்காமல் அடிச்சபடியால் தெம்போ. எது பெரிய பிழையெண்டு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடேல்லை." எழுந்து ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டான். "அவனிட்டை ஒண்டு கேக்கவேணும்."

"கேக்கவோ, கொல்லவோ?"

"அதுவும் தெரியேல்லை."

கத்தரின் அவனுடைய ஜக்கெட் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். கன்வஸ் கத்தி இருந்தது. எடுத்துக் குசினி மேசையில் வைத்தாள். "இப்ப போங்கோ."

லொங்குய்யில் வீட்டு வாசலில் அருமைராசா சவளால் பனி அள்ளிக்கொண்டிருந்தார். தாடை ஒரு பக்கம் இன்னும் கோணல். இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். நிமிர்ந்தவர் அல்பேட்டைக் கண்டார். அவருடைய மூச்சு புகையாக வந்து நின்றது.

"கிட்ட வராதை."

"அடிக்க வரேல்லை."

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னனீ. அஞ்சு வருசமா ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் ஜன்னலைத் திறந்து பாக்கிறன். முனையில நீ வந்து நிண்டதும் தெரியும். கிட்ட வராதையெண்டு சொல்லுறனெல்லே!"

"அருமைராசா, ஒண்டு கேக்க..."

ஓரடி எடுத்து வைத்தான். சவள் காற்றை வெட்டிக்கொண்டு வந்தது. அலுமினிய விளிம்பு இடது தோளெலும்பில் இறங்கியது. உள்ளே ஏதோ நொறுங்கியது. அல்பேட் பனிக்குள் விழுந்தான். அடுத்த அடி தலையில். சூடாக ஒன்று காதுக்குள் வழிந்தது. அவனுடைய வலது கை நன்றாகத்தான் இருந்தது. அருமைராசாவின் கால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்தால் விழுவார், விழுந்தால் தொண்டை அவன் கையில். அந்தக் கணக்கு ஒரு நொடியில் ஓடி முடிந்தது. கை போகவில்லை.

அருமைராசா மூன்றாவது அடிக்குச் சவளைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"கண்ணைத் திறந்துகொண்டோ ஆட்டினீ?" என்று கேட்டான் அல்பேட்.

சவள் மேலேயே நின்றது. வீதியில் ஒரு கார் உப்பை நொறுக்கிக்கொண்டு போனது.

"ஆர் சொன்னது உனக்கு?" என்றார் அருமைராசா. குரல் உடைந்திருந்தது. "ஆர் சொன்னது? ஒருத்தருக்கும் தெரியாது அது. பாதிரியாருக்குக்கூட நான் சொல்லேல்லை."

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் இருந்தனான். ஆபிரிக்காவில. நானும் மூடிக்கொண்டுதான் அடிச்சனான்."

 அருமைராசா சவளை மெல்லக் கீழே இறக்கி அதிலேயே ஊன்றிக்கொண்டார். "எனக்கு முதல்நாள் நகம் பிடுங்கினவங்கள். தலையை ஆட்டாட்டில் மிச்ச நகமும் எண்டவங்கள். தப்பிறதுக்காகச் சொல்லேல்லை. நீ கேட்டபடியால் சொல்லுறன்." மூச்சு வாங்கினார். "உன்ர ஆள் செத்துப்போனாரோ?"

"ஓம். தெம்போ எண்டு பேர்."

"உனக்குப் பேர் தெரியும். எனக்கு ஆர் வந்தது, ஆர் போனதெண்டே தெரியாது. பூங்காவில நீ அடிக்கேக்க, இது ஆரின்ர பிள்ளையோ, ஆரின்ர தம்பியோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான்."

"என்ர அண்ணை. பெனடிக்ற்."

"பெனடிக்ற்," என்றார் அருமைராசா, பாடமாக்குகிறவர் போல. பிறகு குனிந்து, கையை நீட்டினார். "எழும்பு. தலை பிளந்துபோச்சு. கார் இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

அல்பேட் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு நல்ல கையை நிலத்தில் ஊன்றித் தானாகவே எழும்பினான்.

"உன்னை நான் ஒண்டும் செய்யமாட்டன். இனி ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருக்காதை," என்றான். "ஆனால் உன்ர காரில நான் ஏறமாட்டன்."

தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தான். பனியில் அவனுக்குப் பின்னால் இரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது.